நிலாவில் லைட் போட்டு நின்ற வண்டி

மாமா,

போன வெள்ளிக்கிழமை கடை முடிந்து அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். படி ஏறும்போதே சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த வாசம் வந்தால் சாமி ஞாபகம் வரும். எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது. அதிலும் அழுகை வருவதில்லை, ஏதோ ஒரு கண்டத்திலிருந்து தப்பித்த மாதிரி நெஞ்சு லேசாகிவிடுகிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உங்கள் வீட்டு வாசலில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தானே புயலை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டீர்கள். உங்கள் பஸ் ரூட்டில் நிழல் என்று ஒன்று பாக்கி இல்லை, ரோட்டோரத்து மரமெல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது. மாடியில் போட்டிருந்த ஷீட்டும் பறந்துவிட்டது. ஆனால் குழாய் பத்திரம். காற்று ஆரம்பித்த உடனே அக்கா மேலே ஓடிப்போய் அதைத் தூக்கி வந்து, கல்யாணப் புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாளாம். நகை, பத்திரம் எல்லாம் அதற்கப்புறம்தானாம். "அது நெனச்சா வாங்கிக்கலாம், இத எங்க போயி வாங்கறது" என்றாள்.

டெலஸ்கோப் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, உங்களுக்கு அது குழாய்தான். சிதம்பரத்தில் காலேஜ் வேலை முடிந்து ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வாத்தியார், உங்கள் வண்டியில் தினமும் முன்சீட்டில் வந்தவர், சாமான் ஏற்ற உதவி செய்ததற்காக அதை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடல் பொங்கி வந்ததற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன். அலை வந்த பிறகு ஊரில் எல்லோரும் கடலைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரம். நீங்கள் ஒருத்தர்தான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடியில் நிலாவைப் பார்த்தீர்கள்.

முதல் மாதத்திலேயே அந்தக் குழியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நிலாவில் கருப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அதற்கெல்லாம் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு திட்டுக்கு வளமைக் கடல் என்று பெயர். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. "கோடையில வீராணம் ஏரி இப்பிடித்தான் கெடக்கும்" என்றீர்கள். அந்தக் கருப்புத் தரைக்கு நடுவே இரண்டு சின்னக் குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று நீள்வட்டம். மற்றது இரண்டு குழிகள் ஒட்டிக்கொண்ட மாதிரிக் கோணலாக இருக்கும். அந்தக் கோணல் குழியிலிருந்து இரண்டு வெளிச்சக் கோடுகள் ஒரே பக்கமாக நீண்டு போகும். வேறு யாராக இருந்தாலும் வால்நட்சத்திரத்தின் வால் என்றிருப்பார்கள். பஸ் டிரைவர் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"இங்க பாரு கொழுந்தியா, ஹெட்லைட்டு. ஹைபீம்ல போட்டுட்டு நிக்கிறான் எவனோ."

அன்றிலிருந்து அது நம்ம வண்டி ஆகிவிட்டது. அதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நான் பிரவுசிங் சென்டரில் பார்த்து வந்து சொன்னேன். "இருக்கட்டும், பாண்டிச்சேரியில ஒரு தெருவுக்கு வெச்சிக்கச் சொல்லு" என்று தள்ளிவிட்டீர்கள். ஐந்தாம் பிறை வாக்கில் பார்த்தால் குழி மட்டும் நிழலோடு நன்றாகத் தெரியும், லைட் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் தரை லேசாக மடிந்து மடிந்து கிடப்பதும் அப்போதுதான் கண்ணில் படும், துவைத்துப் பிழிந்த வேட்டியை உதறாமல் காயப் போட்ட மாதிரி. அஷ்டமி தாண்டி வெயில் அந்தப் பக்கம் உச்சிக்கு ஏறும்போது நிழல் போய்விடும், லைட் பளிச்சென்று வந்துவிடும். "பகல்ல லைட் போட்டுட்டு ஓட்டறான், பேட்டரி போயிடும்" என்று ஒவ்வொரு மாதமும் அதே ஜோக்கைச் சொல்வீர்கள். நானும் ஒவ்வொரு மாதமும் சிரித்துவைப்பேன். கொழுந்தியாவாகப் பிறந்தால் இதெல்லாம் உண்டு.

அந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று நமக்குள் ஒரு சண்டை வந்ததே, நினைவிருக்கிறதா? குழி வட்டமாக இல்லாததைப் பார்த்து, அதைத் தோண்டிய விண்கல் நேராக விழவில்லை, சாய்வாக வந்து உரசியிருக்கிறது என்று சொன்னீர்கள். ரோட்டில் எத்தனை உரசல் பார்த்தவர் நீங்கள். அது சரிதான். ஆனால் வெளிச்சக் கோடு வண்டிக்குப் பின்னால் எழும்பிய புழுதி, அதனால் கல் கோடு இருக்கும் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொன்னீர்கள். பரங்கிப்பேட்டை மண் ரோட்டில் அப்படித்தான் புழுதி நிற்கும் என்றீர்கள். நான் மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். தூள் முன்பக்கமாகத்தான் தெறித்திருக்கிறது, கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. சொன்னதும் முகம் சுண்டிப்போய் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை நீங்கள். அப்புறம் ஒருநாள் ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னீர்கள்: "காத்து இல்லாத ஊர்ல புழுதி எப்பிடி பின்னால நிக்கும். நீ சொன்னதுதான் சரி." என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நான் ஒன்றும் தெரியாத மாதிரி வெளியே பார்த்தேன். கடைக்குப் போய்ச் சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அக்கா மட்டும் அதில் கண் வைத்ததே இல்லை. "நெலாவ கிட்ட வெச்சிப் பாக்கறது குடும்பத்துக்கு ஆவாது" என்பாள். பொறாமை என்று நான் கிண்டல் செய்வேன். பாதிப் பொறாமைதான். விடிகாலையில் போகிற மனுஷன் ராத்திரி வருகிறார், வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், தூங்காத நாளில் மாடிக்குப் போய்விடுகிறார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

பிறகு சந்திரயான் நிலாவுக்குப் போன அந்த வருடம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் போட்ட இலவச முகாமில் உங்களுக்கு சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார்கள். நீங்கள் மாத்திரை வாங்கினீர்கள், நடை நடந்தீர்கள், சோற்றைக் குறைத்தீர்கள், கண்ணை மட்டும் காட்டவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். உங்கள் அப்பாவுக்கு சர்க்கரையில் கண் போனது. கடைசிக் காலத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "வெளிச்சம் வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நீங்கள் மறக்கவே இல்லை. டாக்டருக்குப் பதிலாக நீங்கள் நிலாவைப் பார்த்தீர்கள். மாதாமாதம் அந்த இரண்டு லைட்டும் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது. வண்டியை எடுக்கலாம். இதை நீங்கள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் சொன்ன நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. சாயங்கால ட்ரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. சர்க்கரை போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றீர்கள்.

"லைட்டு போயிடுச்சு" என்றீர்கள்.

நான் வண்டி லைட் என்று நினைத்து, "கிளீனர்கிட்ட சொல்றதுதான" என்றேன்.

"மேல இருக்கற லைட்டு. மங்கிக்கிட்டே வந்துச்சு. இந்த மாசம் சுத்தமா இல்ல. குழி தெரியிது, லைட்டு தெரியல. கண்ணுல புகை கட்டுன மாதிரி இருக்குது."

"மேகமா இருந்திருக்கும் மாமா."

"மூணு நாளு பாத்தேன். மேகமெல்லாம் இல்ல." டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள். "வண்டி நெறைய சனம் ஏறுது. புள்ளைங்க ஏறுது. திங்கக்கெழம ஓனர்கிட்ட சாவியக் குடுத்துடப் போறேன். உங்க அக்காகிட்ட இப்ப சொல்லாத."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம் மாமா."

"அவுங்க வாயால சொல்லிட்டாங்கன்னா அது நெசமாயிடும்."

அன்று முன்சீட்டில் உட்கார்ந்து வரும்போது நான் ரோட்டைப் பார்க்கவில்லை, உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிர்வண்டிக்கு டிப் அடித்தீர்கள், குறுக்கே வந்த ஆட்டுக்கு முன்கூட்டியே பிரேக் போட்டீர்கள், எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள். ஆனாலும் வண்டி இல்லாத உங்களை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, வெளிச்சம் வந்துவிட்டதா என்று கேட்கிற உங்களை நினைத்துப் பார்க்க முடிந்தது. அதுதான் பயம்.

வெள்ளிக்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஏற்கெனவே லீவு போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தீர்கள். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை, தசமி நிலா தலைக்கு மேல் வந்திருந்தது. குழாயை நிலா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதைப் பார்க்கப் பிடிக்காத மாதிரி தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. உங்களுக்கும் ஏன் தோன்றவில்லை? பயந்துபோன மனுஷனுக்குச் சின்ன விஷயம்தான் கண்ணில் படாது போலிருக்கிறது. நான் போய்க் கண்ணை வைத்தேன். கருப்புத் தரை தெரிந்தது. இரண்டு குழியும் தெரிந்தது. லைட் இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டிய மாதிரி ஒரு மங்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"மாமா, எனக்கும் தெரியல."

"வெளையாடாத."

"சத்தியமா தெரியல மாமா. எனக்கு சுகரா இருக்குது?"

என் வாழ்க்கையில் ஒன்று தெரியாமல் போனதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். நீங்கள் எழுந்து வந்தீர்கள், என்னைத் தள்ளிவிட்டு நீங்கள் பார்த்தீர்கள், மறுபடி என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது அக்கா மேலே வந்தாள். கையில் தூபக்கால். கீழே எல்லா அறைக்கும் சாம்பிராணி காட்டிவிட்டு, கடைசியாக மாடிக்கு. எங்களைத் தாண்டி நேராகக் குழாயிடம் போனாள். மூடி திறந்திருந்த வாயில் தூபக்காலைப் பிடித்து, விசிறியால் நாலு வீசு வீசினாள். புகை அத்தனையும் உள்ளே போனது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"இது எத்தினி நாளா நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"பொங்கலுக்கு அப்பறமா, வெள்ளிக்கெழம தோறும். உள்ள எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்துச்சு. இப்ப பாருங்க, ஒண்ணு இல்ல." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்களும் கொஞ்ச நாளா கண்ணக் கசக்கிக்கிட்டு ஒரு மாதிரியா இருந்தீங்க. திருஷ்டியா இருக்குமோன்னு ரெண்டு கை ஜாஸ்தியாவே போடறேன்."

அதாவது, அவள் புகை போட்டாள், அதனால் உங்களுக்கு லைட் மங்கியது. லைட் மங்கியதால் நீங்கள் வாடினீர்கள். நீங்கள் வாடியதைப் பார்த்து அவள் இன்னும் கொஞ்சம் புகை போட்டாள். உங்கள் அன்னியோன்னியத்தில் ஒரு கண்ணாடி நாசமானது.

அவள் கீழே போனதும் திருகுகளைக் கழற்றி, குழாயின் அடியிலிருந்த கண்ணாடியை வெளியே எடுத்தோம். அதன் மேல் மஞ்சளாகப் பிசின் மாதிரி ஒரு படலம். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, பச்சைக் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி நீங்கள் துடைத்தீர்கள், நான் தண்ணீர் ஊற்றினேன். பஞ்சு பழுப்பானது. முகர்ந்து பார்த்தேன், அசல் சாம்பிராணி வாசம். அதைக் கொண்டுபோய்க் கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். கண்ணாடி காய்ந்ததும் மாட்டி, திருகை அப்படியும் இப்படியும் திருப்பிச் சரிசெய்து, குனிந்தீர்கள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"எரியிது" என்றீர்கள். "ரெண்டும் எரியிது."

நிமிர்ந்தபோது உங்கள் முகமெல்லாம் ஈரம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராமல் சிரித்தீர்கள், அழுதீர்கள், மறுபடி சிரித்தீர்கள். நானும்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க அக்காகிட்ட சொல்லிடாத. நம்ம கண்ணு நல்லாருக்கணும்னுதான அவ போட்டா. தெரிஞ்சா ஒடிஞ்சிடுவா. புகைய அவ போடட்டும், அமாவாசைக்கு அமாவாசை நான் கழுவிக்கறேன்" என்றீர்கள். கேட்டால் கடல் காற்றில் உப்புப் படிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றீர்கள். நான் சரி என்றேன்.

திங்கட்கிழமை சாவியைக் கொடுக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பாதி பயம் போனவனுக்கு மீதி பயத்தைப் பார்க்கத் தைரியம் வந்துவிடுகிறது. சொட்டு மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, வருஷா வருஷம் வாங்க" என்றார்கள். வெளியே வெயில் கூசி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். ரோட்டில் தெரிந்த ஒரு கண்டக்டர் பார்த்துவிட்டுப் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்க, "ஒண்ணும் ஆவல. அதான் விசேஷம்" என்றீர்கள். அதற்கப்புறம் வருடம் தவறாமல் போனீர்கள். ஒரு வருடம் ஏதோ ஆரம்பம் மாதிரி இருக்கிறது என்று லேசர் வைத்து அங்கேயே அடைத்து அனுப்பினார்கள். அந்த வருடம் நீங்கள் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போன வருடம் ஒரு லீவு நாளில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுதான். ஆனால் அதற்கு முந்தின சாயங்காலம்வரை கடலூர் சிதம்பரம் ரோட்டை முழுசாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அக்கா கீழே எல்லாம் காட்டி முடித்துவிட்டு, மூலையில் நின்ற குழாயிடம் தூபக்காலோடு போனாள். என்னை அறியாமல் என் கை நீண்டு அவள் கையைப் பிடித்துவிட்டது. இத்தனை வருடம் காத்த சத்தியம் ஒரு நொடியில் போயே போய்விட்டது.

அவள் சிரித்தாள். "பயப்படாதடி. மூடி போட்டுத்தான் இருக்குது."

"எப்பலேருந்து?"

"பஞ்ச குப்பையில போட்டியே, மறுநாளு பெருக்கறப்பவே வாசம் வந்துடுச்சு. அன்னையிலேருந்து மூடி போட்டுட்டுதான் காட்டறேன்."

"அப்ப ஏன்க்கா சொல்லல? மாமா மாசா மாசம் உக்காந்து கழுவுனாரே."

தூபக்காலைக் கீழே வைத்தாள். "கழுவறேன்னு உக்காந்தாருன்னா நான்தான தண்ணி ஊத்தணும். அப்ப வாய் ஓயாது அவுருக்கு. எவன் குறுக்க வந்தான், எந்த ஸ்டாப்புல யாரு சில்லறைக்கி சண்ட போட்டாங்க, முட்லூர் ஆயா என்னா சொல்லிச்சு. மத்த நாள்ல வந்தா தூங்கிடுவாரு. அமாவாசையில நெலாவும் கெடையாது, எனக்குப் போட்டியும் கெடையாது. அத நானே போயி கெடுத்துக்குவனா?"

மாமா, எனக்கு அப்படி ஒரு நிம்மதி. உங்களுக்குக் கொடுத்த சத்தியம் இத்தனை வருடமாக ஒரு மூட்டை மாதிரி என் தலையில் இருந்தது. அவள் புகையோடு மாடி ஏறும்போதெல்லாம் என் வாய் துறுதுறுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இறக்கி வைத்துவிட்டேன்.

நேற்று அமாவாசை. அக்கா போன் செய்து வரச் சொன்னாள். போனால், முற்றத்தில் முக்காலி, செம்பு, பஞ்சு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். கண்ணாடியைக் கழற்ற அவளுக்கே தெரிந்திருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நீங்கள் துடைக்கிற மாதிரியே துடைத்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். துடைத்துவிட்டுப் பஞ்சை என்னிடம் நீட்டினாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

செம்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. புகை உள்ளே போகாத கண்ணாடியில் என்ன இருக்கும்? உங்களுக்கும் மாதாமாதம் பஞ்சு இப்படி வெள்ளையாகத்தானே வந்திருக்கும்? குழியைப் பார்த்தே கல் சாய்வாக வந்தது என்று சொன்ன மனுஷனுக்கு இது தெரியாமலா போயிருக்கும்? தெரிந்துதான் கழுவினீர்கள். அவளுக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி அமாவாசைக்கு அமாவாசை சுத்தமான கண்ணாடியைக் கழுவிக்கொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நடுவில் ரகசியத்தைச் சுமந்த பைத்தியம் நான் ஒருத்திதான்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னடி என்றாள் அக்கா. ஒன்றுமில்லை என்றேன். இது ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அவளாகக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். அல்லது இதுவும் அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

வளர்பிறையில் அவளுக்கு நம்ம வண்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். முதல்முறையாகச் சரி என்றிருக்கிறாள். நேற்று அந்தக் கண்ணாடியில் துடைக்க ஒன்றும் இல்லை. அக்கா இன்னொரு பஞ்சை நனைத்தாள். முட்லூர் ஆயா ஒருநாள் உங்கள் வண்டியில் ஆட்டுக்குட்டியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஏறிய கதையை ஆரம்பித்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.